நெருப்பின்றிப் பிறக்கும் நுண்துகள்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஊத்தங்கரையைக் கடந்து, செங்கத்தை அடைவதற்கு முன், ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தை அணுகினாற்போல அமைந்திருக்கும் சிங்காரப்பேட்டையின் புன்செய் நிலங்களை மழைக்குப் பின் உழும்போது பார்ப்பவர்கள், அந்த மண்ணின் செம்மை எங்கிருந்து வந்தது என்று கேட்க நினைப்பதில்லை. பிறந்தது முதல் கண்டு பழகிய நிறத்துக்குக் காரணம் தேடுவது மனித சுபாவமன்று. ஆயினும் இந்த அத்தியாயத்தின் விஷயம் அந்தச் செம்மையில்தான் தொடங்குகிறது. மண்ணுக்கு அடியிலுள்ள நைஸ் பாறையிலும் கிரானைட்டிலும் கறுப்பு அப்பிரகம், ஹார்ன்பிளெண்ட் என்னும் கனிமங்கள் விரவிக் கிடக்கின்றன. அவற்றினுள் சிறைப்பட்டிருக்கும் இரும்பு, காற்றும் மழைநீரும் படப் பட மெல்ல வெளிப்பட்டு, பிராணவாயுவோடும் நீரோடும் சேர்ந்து, முதலில் படிக வடிவம் பெறாத துருவாகவும், நாளடைவில் ஹெமடைட், கோதைட் என்னும் படிகங்களாகவும் மாறுகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மண்ணிலுள்ள இப்படிகங்களில் மிகப் பல, பத்து முதல் நூறு நானோமீட்டர் வரையே குறுக்களவுள்ளவை. உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் பெருஞ்செலவில் தயாரிக்கப்படும் உலோக ஆக்ஸைடு நானோ துகள்களுள் ஒரு வகையை, சூளையும் அமிலமும் இல்லாமல், சாதாரண உஷ்ணத்தில், நீரை மாத்திரமே துணைகொண்டு இந்தப் பிரதேசத்துப் பூமி இடைவிடாமல் சிருஷ்டித்து வருகிறது என்றால் அது மிகையாகாது.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கதிரியக்கக் கரிமக் கணிப்பினால் நிர்ணயிக்கப்பட்டு 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆக்ஸைடைக் கரியோடு சேர்த்து உலையில் இட்டு, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து உலோகத்தைக் கைப்பற்றுவதே அந்தப் பழந்தொழிலின் இரகசியம். நாம் இங்கே ஆராயப் புகுந்திருப்பது அதற்கு நேர் எதிரான வழி. ஆக்ஸைடை ஆக்ஸைடாகவே விட்டு, அதன் உருவத்தை மாத்திரம் மிகச் சிறியதாக்கி, அதனால் உண்டாகும் புதிய சக்திகளைப் பயன்கொள்ளும் வழி.

சிறிதாவதனால் என்ன சக்தி உண்டாகிவிடும் என்று கேட்கலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர்தான். அதே பொருளை, அளவில் ஓர் அணுவும் கூட்டாமல் குறைக்காமல், பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிளந்துவிட்டால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. நம் நில அளவையில் சொன்னால் ஏறத்தாழ 15 சென்ட். இரசாயன வினைகள் பெரும்பாலும் மேற்பரப்பில் நிகழ்பவையாதலால், விரலிடுக்கில் அடங்கும் பொருளுக்கு ஒரு வீட்டுமனையின் விஸ்தீரணம் கிடைத்துவிட்டால், அது நீரிலுள்ள விஷத்தைப் பற்றிக்கொள்வதிலும், ஒளியை ஏற்று வேலை செய்வதிலும், பயிருக்குச் சத்தைக் கொடுப்பதிலும் பன்மடங்கு ஊக்கம் பெறுவதில் வியப்பில்லை.

இத்தகைய துகள்களைச் செய்யும் தொழில்முறைகள் பல, சுற்றுப்புறத்துக்கு நன்மை செய்பவை அல்ல. துத்தநாகத்தை அதன் கொதிநிலையாகிய 907 டிகிரிக்கு மேல் ஆவியாக்கி, அந்த ஆவியைக் காற்றில் எரித்து ஆக்ஸைடாக்குவது ஒரு முறை. டைட்டானியக் கனிமத்தைக் கந்தகாமிலத்தில் கரைத்து வெண்பொடி எடுப்பது மற்றொரு முறை. இதில் விலைபொருளைக் காட்டிலும் மிகுதியாகக் கழிவு அமிலம் எஞ்சுகிறது. ஆய்வுக்கூடங்களிலோ நச்சுக் கரைப்பான்களும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் செயற்கைப் பூச்சுப் பொருள்களும் தாராளமாகப் புழங்கின. 1998-இல் பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் பசுமை இரசாயனத்துக்குப் பன்னிரண்டு நியதிகளை வகுத்து வெளியிட்ட பிறகு, கழிவு உண்டான பின் அதைச் சுத்தி செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே தக்கது என்னும் கொள்கை இத்துறையிலும் வேரூன்றலாயிற்று. அதன் விளைவாகவே உலோக உப்புக் கரைசலில் பச்சிலைச் சாற்றைக் கலந்து நானோ துகள்களைப் பெறும் முறை, கடந்த இருபதாண்டுகளில் இந்தியக் கல்லூரிகள் எங்கும், சிறப்பாகத் தமிழகத்துக் கல்லூரிகளில், மிகுந்த உற்சாகத்தோடு பரவியது.

பச்சிலைச் சாறும் உலோகமும் சேரும் சேர்க்கை தமிழர்க்குப் புதிதன்று. சித்த வைத்தியத்தில் அயச் செந்தூரம் செய்பவர்கள், சுத்தி செய்த இரும்புப் பொடியைக் கல்வத்திலிட்டு எலுமிச்சம் பழச்சாறு முதலியவற்றால் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் அடக்கி, மேல் அகலால் மூடி, சீலைமண் செய்து, வறட்டிகளை அடுக்கிப் புடமிடுவார்கள். பன்முறை புடமிட்டு எடுக்கும் அந்தச் செந்நிறப் பொடி பிரதானமாக இரும்பு ஆக்ஸைடே. நாகம் என்று அவர்கள் வழங்கும் துத்தநாகத்திலிருந்து கிடைக்கும் நாக பற்பம் பெரும்பாலும் துத்தநாக ஆக்ஸைடு. நீர்மேல் தூவினால் மிதக்க வேண்டும், விரல் ரேகைக்குள் புகவேண்டும் என்று பற்பத்துக்கு வகுக்கப்பட்ட சோதனைகள், பொடியின் நுண்மையில் அவர்கள் கொண்டிருந்த அக்கறையைக் காட்டுகின்றன. ஆனால் இதைக்கொண்டு சித்தர்கள் நானோ விஞ்ஞானத்தை அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் முழங்குவது அவர்களுக்கும் விஞ்ஞானத்துக்கும் நியாயம் செய்வதாகாது. அவர்கள் கைகண்ட அனுபவத்தால் பெற்ற ஒரு தொழில்நுட்பத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்தார்கள். அதற்குரிய மதிப்பு அதற்கே உண்டு. புடத்தில் எரிந்த வறட்டியின் உஷ்ணத்தை மாத்திரம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதன் கணக்கைச் சற்றுப் பின்னர்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலைச்சாறு உலோகத்தை என்ன செய்கிறது என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் வனப்பொருள்களில் கடுக்காய் ஒன்று. அதை இடித்து ஊறவைத்த மஞ்சள் நிறத் தண்ணீரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துவிட்டால், தண்ணீர் கண்ணெதிரே கறுத்துவிடும். நம் முன்னோர் எழுதிய மை இதுவே. கடுக்காயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், தன்னிடமுள்ள பல ஹைட்ராக்ஸில் கைகளால் இரும்பு அயனியை இறுகப் பற்றிக்கொள்வதே இந்தக் கருமைக்குக் காரணம். சிங்காரப்பேட்டைச் சாலையோரத்துத் தரிசுகளில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரையிலும், வேம்பிலும், மாந்தளிரிலும், மாம்பழத் தோலிலும் இத்தகைய துவர்ப்புப் பொருள்களும் அவற்றின் இனத்தவையும் நிறைந்துள்ளன. துத்தநாக உப்புக் கரைசலில் இச்சாற்றைச் சேர்த்தால், உலோக அயனிகள் ஒரே இடத்தில் குவிந்து பெரிய படிகமாகத் திரளாதபடி இவை நடுவே புகுந்து தடுக்கின்றன. அந்தக் குழம்பை உலர்த்தி உலையில் சுட்டால் வெண்மையான நுண்பொடி எஞ்சுகிறது. கோயம்புத்தூர் கற்பகம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சோற்றுக்கற்றாழைச் சாற்றையும் துத்தநாக நைட்ரேட்டையும் கொண்டு 25 முதல் 40 நானோமீட்டர் வரையுள்ள உருண்டைத் துகள்களைப் பெற்று 2011-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படுவது.

இவ்வளவு அழகான முறையைப் பாராட்டுவதோடு நிறுத்திவிட மனம் ஒப்பவில்லை. ஏனெனில் இதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் மூன்று பிழைகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைக் காண்கிறேன். இலைச்சாறு துத்தநாக அயனியை உலோகத் துத்தநாகமாக ஒடுக்குகிறது, அது பிறகு ஆக்ஸைடாகிறது என்பது முதலாவது. வெள்ளியின் விஷயத்தில் இத்தகைய ஒடுக்கம் நிகழ்வது மெய். வெள்ளி அயனியின் ஒடுக்க மின்னழுத்தம் நேர்க்குறி 0.80 வோல்ட் ஆதலால் அது எலெக்ட்ரானை எளிதில் ஏற்கும். துத்தநாகத்துக்கோ அது எதிர்க்குறி 0.76 வோல்ட். இலைச்சாற்றின் மெல்லிய சக்தியால் அதை நீரில் உலோகமாக்குவது இயலாத காரியம். அவசியமுமில்லை, ஏனெனில் ஆக்ஸைடில் துத்தநாகம் அயனி நிலையிலேயே இருக்கிறது. வெள்ளிக்குச் சொன்ன விளக்கத்தைத் துத்தநாகத்துக்கு அப்படியே எடுத்தெழுதியதால் வந்த வழக்கம் இது.

இலையின் மருந்துச் சத்துகள் துகளின் மேல் பூச்சாகத் தங்கி அதற்கு நோய் தீர்க்கும் குணத்தை அளிக்கின்றன என்பது இரண்டாவது பிழை. நானூறு, ஐந்நூறு டிகிரி உஷ்ணத்தில் இரண்டு மணி நேரம் சுட்ட பின் எந்த இலைச் சத்தும் மிஞ்சாது. அது எரிந்து புகையாகிப் போயிருக்கும். சுடாமல் பெற்ற துகளுக்கு மாத்திரமே அவ்வாறு உரிமை கொண்டாட இடமுண்டு. மூன்றாவது பிழையே எல்லாவற்றிலும் பெரிது; இலை சேர்ந்துவிட்டதனாலேயே முறை பசுமையாகிவிட்டது என்று கருதுவது. ஒரு கிலோ துத்தநாக ஆக்ஸைடு பெறுவதற்கு ஏறத்தாழ 3.65 கிலோ துத்தநாக நைட்ரேட் படிகம் வேண்டும். அதிலுள்ள நைட்ரஜன் முழுவதும் நைட்ரஜன் டைஆக்ஸைடாக வெளியேறுமானால், அந்தச் செம்பழுப்பு நிற நச்சுவாயுவின் எடை 1.1 கிலோவைத் தாண்டும். விளைபொருளைவிடக் கழிவே அதிகம். உலைக்குச் செலவான மின்சாரமும், அந்த மின்சாரத்துக்காக எங்கோ எரிந்த நிலக்கரியும் தனிக்கணக்கு. தொடக்கத்தில் சேர்த்த ஒரு கைப்பிடி ஆவாரம் இலை இக்கணக்கை நேர்செய்து விடாது. நைட்ரேட்டுக்குப் பதிலாக அசிட்டேட் உப்பை எடுத்தும், காரத்தன்மையைக் கவனமாகச் சரிசெய்தும், நூறு டிகிரிக்குக் கீழேயே நீரில் துத்தநாக ஆக்ஸைடைப் படியச் செய்வது சாத்தியந்தான். அந்த வழியில் செல்பவர்களே பசுமை என்னும் பெயருக்கு உரியவர்கள் என்பது என் துணிபு.

இலையை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கும் இந்த மாவட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. தமிழகத்தில் மா விளைச்சலுக்குப் பெயர் பெற்ற கிருஷ்ணகிரியில், பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் தோத்தாபுரி மாம்பழம் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகச் செல்லும் கோடை மாதங்களில், தோலும் கொட்டையும் மலைபோல் குவிகின்றன. பழத்தின் எடையில் தோல் மாத்திரம் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு. அத்தோலில் மாஞ்சிபெரின், காலிக் அமிலம் முதலிய பற்றுப்பொருள்கள் செறிந்துள்ளன. பயிரிட்டு வளர்க்கும் மூலிகையைச் சாறு பிழிவதைவிட, எறிந்துவிடும் தோலைப் பயன்படுத்துவது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தோலின் குணம் பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் மாறுபடும். ஆனி மாதத்துத் தோலில் செய்த துகளும் சித்திரை மாதத்துத் தோலில் செய்த துகளும் ஒரே அளவாய் இருக்குமென்று உறுதி கூற முடியாது. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் செய்வதற்கும் தொழிற்சாலையில் மூட்டைக்கணக்கில் செய்வதற்கும் நடுவே நிற்கும் பெருந்தடை இதுதான்.

செய்த பொடியால் என்ன பயன் என்பதை இனிப் பார்ப்போம். தமிழக நிலங்களில் துத்தநாகப் பற்றாக்குறை பரவலானது; நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இடும்படி வேளாண்மைத் துறையினர் கூறுவதை விவசாயிகள் அறிவார்கள். மண்ணில் இட்ட உப்பில் பெரும்பகுதி அங்கேயே பிணைப்புண்டு பயிருக்கு எட்டாமல் போகிறது. திருப்பதி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தினர் நிலக்கடலையில் நடத்தி 2012-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கொரு மாற்றுவழியைக் காட்டியது. 15 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துத்தநாகக் கூட்டுப்பொருளைக் கரைத்துத் தெளித்த பயிரைவிட, அதே தண்ணீரில் வெறும் 2 கிராம் நானோ துத்தநாக ஆக்ஸைடைக் கலந்து தெளித்த பயிர், இரண்டு பருவங்களில் முறையே 29.5, 26.3 சதவீதம் அதிகமாகக் காய்த்தது. பதினைந்தில் ஒரு பங்கு மருந்து, கூடுதல் மகசூல். சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வட்டாரத்தில் மானாவாரி நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது உற்சாகமளிக்கும் செய்திதான். ஆனால் அந்த ஆராய்ச்சியாளர்களே பதிவு செய்துள்ள மற்றொரு முடிவை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்: விதை நேர்த்தியில் 1000 பி.பி.எம். அளவில் முளைப்பையும் வீரியத்தையும் வளர்த்த அதே துகள், 2000 பி.பி.எம். அளவில் வளர்ச்சியைத் தடுத்தது. துத்தநாக ஆக்ஸைடு நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து அயனியை விடுவது. குளத்தை அடைந்தால் பாசிக்கும் மீனுக்கும் அது நஞ்சாகக்கூடும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை வெளியிட்டதற்கு இத்தகைய அச்சங்களே காரணம். வயலில் தெளித்த துகளைத் திரும்பப் பொறுக்கி எடுக்க வழியில்லை.

சூரிய ஒளியால் அழுக்கைச் சிதைக்கும் பயனும் இத்தகையதே. 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்ஸைடின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டிய நாள் முதல், அந்த ஆக்ஸைடும் துத்தநாக ஆக்ஸைடும் சாயக் கழிவையும் கிருமியையும் அழிக்கும் ஒளிவினை ஊக்கிகளாக ஆராயப்பட்டு வருகின்றன. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவைச் சுமந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வந்து சேரும் தென்பெண்ணையைப் பார்த்து மனம் நொந்தவர்கள், இந்தப் பொடியைத் தூவி ஆற்றைத் திருத்தலாகாதா என்று கேட்பதுண்டு. ஆகாது. சூரிய ஒளியில் இத்துகள்கள் பயன்கொள்ளும் புற ஊதாப் பகுதி நூற்றில் ஏறக்குறைய ஐந்து பங்குதான். கலங்கிய நீரில் அது விரற்கடை ஆழங்கூடச் செல்லாது. தூவிய பொடியோ ஆற்றோடு போய் மற்றுமொரு மாசாகும். நுரைக்குப் பரிகாரம் நுரை புறப்படும் நகரத்தின் சாக்கடைச் சுத்திகரிப்பில்தான் இருக்கிறது.

ஆகவே துகளைப் பரப்பிவிடாமல் ஓரிடத்தில் கட்டிவைத்து வேலை வாங்குவது எப்படி, அதையும் உலையில்லாமல் செய்வது எப்படி என்பதே முக்கியமான வினாவாகிறது. இதற்கு இந்நாட்டில் கிடைத்திருக்கும் சிறந்த விடை, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் கண்ட விடையாகும். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருளை மென்மையான அமில நீரில் கரைத்து, அதில் அலுமினிய உப்பையோ இரும்பு உப்பையோ சேர்த்து, காரத்தை மெல்லச் சொட்டவிட்டால், உலோகம் ஆக்ஸிஹைட்ராக்ஸைடு நானோ துகள்களாகப் படியும் அதே தருணத்தில் கைட்டோசானும் திரண்டு அவற்றைத் தன் இழைகளுக்குள் கட்டிவிடுகிறது. அந்தக் கூழைக் கழுவி, சாதாரண உஷ்ணத்துக்குச் சற்றே மேற்பட்ட நிலையில் உலர்த்தினால், நீரில் கரையாத, மணல்போன்ற உறுதியான குருணைகள் கிடைக்கின்றன. 2013-இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியான அவர்களுடைய கட்டுரை, அலுமினியக் குருணையில் வெள்ளி நானோ துகளைப் பதித்து, நீரில் நூறு கோடிக்கு நாற்பது பங்கு அளவே வெள்ளி கசியச் செய்து கிருமிகளைக் கொல்லலாம் என்றும், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் குடிநீர் அளிக்கலாம் என்றும் காட்டியது. இரும்பைக்கொண்டு செய்த குருணை ஆர்ஸெனிக் விஷத்தைப் பற்றுவது. பெர்ரிஹைட்ரைட் என்னும் அந்த இளந்துரு, நாம் தொடக்கத்தில் கண்ட செம்மண்ணின் முதல் அவதாரமே. தனியே விட்டால் அது நாளடைவில் கோதைட்டாகவும் ஹெமடைட்டாகவும் முதிர்ந்து, தன் பரந்த மேற்பரப்பை இழந்துவிடும். கைட்டோசான் சிறைக்குள் அது முதிராமல் இளமையோடு இருக்கிறது. ‘அம்ரித்’ என்று பெயரிடப்பட்ட இம்முறை மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஆர்ஸெனிக் நீங்கிய நீரை வழங்கிவருகிறது. பேராசிரியருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இங்கும் கணக்கை முழுமையாகப் பார்ப்பதானால், ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கச் சூடான எரிகாரம் செலவாகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் ஐந்நூறு டிகிரி உலை இல்லை; புகை இல்லை; துகள் பறப்பதுமில்லை.

ஆர்ஸெனிக் நம் மாவட்டத்துப் பெருவியாதியன்று. நம்மை வருத்துவது புளோரைடு. இரும்பை விடுவித்து மண்ணைச் சிவக்கச் செய்த அதே கறுப்பு அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும் தம்முள் ஹைட்ராக்ஸிலின் ஸ்தானத்தில் புளோரைடையும் அடக்கி வைத்திருக்கின்றன. பாறை சிதையும்போது அதுவும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய நிர்ணயம். அதை மீறிய நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் விழும் காவிக்கறையையும், முதுமையில் குனிய முடியாமல் இறுகிப்போன முதுகெலும்புகளையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பார்க்காத மருத்துவர் இருக்க மாட்டார். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயனுக்கு வந்தது. காவிரி நீர் குழாயில் ஒழுங்காக வந்து சேரும் ஊரில் எந்த நானோ துகளுக்கும் வேலையில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குழாய் வறண்ட நாளிலும், குழாய் எட்டாத மலையடிக் குக்கிராமத்திலும், ஆழ்குழாயை நாடுகிறவர்களுக்கே வடிகட்டி தேவைப்படுகிறது.

திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறையினர் இவ்விஷயத்தில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். நானோ அளவு ஹைட்ராக்ஸிஅபடைட், கைட்டோசானோடு கூட்டிய மக்னீஸியம் ஆக்ஸைடு, கைட்டோசானோடு கூட்டிய அலுமினா ஆகியவை புளோரைடைப் பற்றும் திறத்தை 2008 முதல் 2010 வரை அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளில் காணலாம். மக்னீஸியம் ஆக்ஸைடின் மூலப்பொருளாகிய மக்னஸைட் சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் ஏராளம்; ஆனால் அதைச் சுட்டால் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது, எஞ்சும் ஆக்ஸைடோ நீரைக் காரமாக்குகிறது. அலுமினாவின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்ஸில்கள் தம் இடத்தைப் புளோரைடுக்கு விட்டுக்கொடுத்து அதைப் பிணைத்துக்கொள்ளும். இந்தப் பரிமாற்றம் நன்கு நடப்பது பி.எச். எண் ஐந்தரை, ஆறு என்னும் மெல்லிய அமில நிலையில். புளோரைடு மிகுந்த பாறைநீரோ பெரும்பாலும் காரத்தன்மையும் பைகார்பனேட்டும் உள்ளது. இவை புளோரைடோடு போட்டியிட்டு அதே இடங்களைப் பறித்துக்கொள்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் சோடியம் புளோரைடைக் கரைத்துச் செய்த ஆய்வுக்கூடப் பரிசோதனையில் வெற்றி பெற்ற குருணை, ஊத்தங்கரை வட்டாரத்து ஆழ்குழாய் நீரில் பாதித் திறனும் காட்டாமல் போகலாம்.

ஆதலால் இனி செய்ய வேண்டிய பரிசோதனையின் இலக்கணம் தெளிவாகவே இருக்கிறது. சிங்காரப்பேட்டைப் பக்கத்துக் கிணற்று நீரையே எடுத்து, குருணை நிரப்பிய குழாயில் ஒரு கோடை முழுவதும் ஓடவிட்டு, வெளிவரும் நீரில் புளோரைடை மாத்திரமன்றி அலுமினியத்தையும் அளக்க வேண்டும். அலுமினியத்துக்கு இந்திய நிர்ணயத்தின் மேல் எல்லை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். குருணை நிறைந்தபின் எரிகார நீரால் கழுவி மீட்டால், பற்றிய புளோரைடெல்லாம் அந்தக் கழுவுநீரில் செறிந்து நிற்கும். அதில் சுண்ணாம்பைச் சேர்த்துக் கால்சியம் புளோரைடாகப் படியவைக்கலாம். ஆனால் அதுவும் சிறிது கரைவதாகையால், லிட்டருக்கு ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் புளோரைடு தெளிநீரில் எஞ்சியே தீரும். அந்தத் தெளிநீரைக் கால்வாயில் விட்டுவிட்டால், வீட்டுக் குடத்திலிருந்து எடுத்ததை ஊர்க் கிணற்றிலேயே திரும்ப ஊற்றியதாக முடியும். சிமென்டு பூசிய ஆழமற்ற தொட்டியில் அதைத் தேக்கி இப்பகுதியின் வெயிலுக்கே விட்டு வற்றச் செய்து, அடியில் தங்கும் உப்பையும் படிவையும் வழித்தெடுத்துத் தனியே பாதுகாக்க வேண்டும். எத்தனை வீட்டுக்கு எவ்வளவு பரப்புள்ள தொட்டி வேண்டும் என்பதையும் வடிகட்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.